பம்ப்செட்டும் அஜைலும்: பீளமேட்டுப் பட்டறைகள் சொல்லும் கதை

அஜைல் பற்றி நம்ம ஊர் சாஃப்ட்வேர் வட்டாரத்தில் இரண்டு விதமான பேச்சு உண்டு. முதல் பேச்சு: "இதெல்லாம் அமெரிக்காக்காரன் கண்டுபிடிச்சது, நமக்கு ஒத்துவராது." இரண்டாவது பேச்சு: "இதெல்லாம் நம்ம பாட்டன் பூட்டன் காலத்துலயே இருந்ததுதான், அவன் பேரு மட்டும் வெச்சுட்டான்." முதலாவதை ஆபீஸ் கேன்டீனில் கேட்கலாம். இரண்டாவது வாட்ஸப்பில் வரும்.

இந்த இரண்டையும் உரசிப் பார்க்க பீளமேட்டை விட நல்ல இடம் கிடைக்காது என்று நினைக்கிறேன். ஒரே அவிநாசி சாலையில் நூற்பாலைகள், பவுண்டரிகள், பம்ப்செட் கம்பெனிகள், பொறியியல் கல்லூரிகள். கொஞ்சம் உள்ளே விளாங்குறிச்சி சாலையில் டைடல் பார்க். இன்றைக்கு இங்கே காலை பத்து மணிக்கு ஸ்டாண்ட்-அப் மீட்டிங் நடக்கிறது. எழுபது எண்பது வருஷத்துக்கு முன்னால் இதே சுற்றுவட்டாரத்தில் காலை நேரத்தில் என்ன நடந்தது, அதில் அஜைல் இருந்ததா இல்லையா என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில், அஜைல் என்றால் என்ன

ஐ.டி.யில் இல்லாத நண்பர்களுக்காகச் சுருக்கமாக. 2001 பிப்ரவரி 11 முதல் 13 வரை அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 மென்பொருள்காரர்கள் கூடினார்கள். கென்ட் பெக், வார்ட் கன்னிங்ஹாம், கென் ஷ்வாபர், ஜெஃப் சதர்லேண்ட் எல்லாம் அதில் இருந்தார்கள். நான்கு மதிப்புகளும் பன்னிரண்டு கொள்கைகளும் கொண்ட ஒரு அறிக்கை வந்தது. அதன் சாரத்தை என் வார்த்தையில் சொன்னால் இவ்வளவுதான்: ஆட்கள் நேரில் பேசிக்கொள்ளட்டும், காகிதத்தை விட ஓடுகிற பொருள் முக்கியம், வாடிக்கையாளரைக் கூடவே வைத்துக்கொள், நிலைமை மாறினால் திட்டத்தை மாற்று. சின்னச் சின்னதாகச் செய்து, கொடுத்து, கேட்டு, திருத்து.

இதற்கு எதிர்ப்பக்கம் "வாட்டர்ஃபால்" என்ற அருவி முறை. முதலில் முழுத் தேவையையும் எழுதி, பிறகு முழு வடிவமைப்பையும் போட்டு, பிறகு கட்டி, கடைசியில் சோதிப்பது. வேடிக்கை என்னவென்றால், இந்த முறையின் மூலமாகக் காட்டப்படும் வின்ஸ்டன் ராய்ஸின் 1970-ஆம் வருஷத்துக் கட்டுரையே, இப்படி ஒரே நேர்கோட்டில் போனால் ஆபத்து என்றுதான் எச்சரித்தது. படத்தைப் பார்த்தவர்கள் கட்டுரையைப் படிக்கவில்லை போல.

அஜைலின் வேர் சாஃப்ட்வேரில் மட்டும் இல்லை. 1986-ல் தாக்கேயுச்சி, நோனாக்கா என்ற இரண்டு ஜப்பானியப் பேராசிரியர்கள் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரைதான், ரக்பி ஆட்டத்தில் அணியாக முன்னேறுவதைத் தொழிற்சாலைக் குழுக்களோடு ஒப்பிட்டது. "ஸ்க்ரம்" என்ற பேரே அங்கிருந்து வந்தது. சதர்லேண்டும் ஷ்வாபரும் 1995-ல் அதை மென்பொருள் முறையாக முன்வைத்தார்கள். இன்னொரு கிளை டொயோட்டாவிலிருந்து வருகிறது. கார் கம்பெனிக்கு முன்னால் டொயோடா குடும்பம் செய்தது தறி. சாக்கிச்சி டொயோடாவின் 1924-ஆம் வருஷத் தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடும். தப்பு நடந்த இடத்திலேயே நிறுத்து, தப்பான துணியை மேலும் நெய்யாதே. அந்தத் தறியின் உரிமத்தை 1929-ல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் காசு கொடுத்து வாங்கியது.

அதாவது அஜைலின் தாத்தா வீட்டுக்குப் போனால் அங்கே தறிச் சத்தம் கேட்கும். கோயம்புத்தூரின் தாத்தா வீட்டுக்குப் போனாலும் அதே மாதிரி சத்தம்தான்.

பூளைமேடு

பீளமேட்டின் பழைய பேர் பூளைமேடு. பொங்கலுக்குக் காப்புக் கட்டும்போது வேப்பிலை, ஆவாரம்பூவோடு சேர்த்து வைக்கிறோமே, அந்த வெள்ளைப் பூளைப்பூ மண்டிக் கிடந்த மேடு என்று விளக்கம் சொல்வார்கள். பூளை செழித்து வளர்கிறது என்றால் நிலம் வறண்டது என்று அர்த்தம். நொய்யல் ஆற்றுப் பாசனம் எட்டாத மேட்டு நிலம். இங்கே வெள்ளாமை என்றால் கிணறுதான். இந்த ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி வரைக்கும் தேவைப்படும்.

கோவையின் முதல் நூற்பாலையை ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888-ல் தொடங்கினார். 1910-ல் ஜி.குப்புசாமி நாயுடுவின் லட்சுமி மில்ஸ். 1926-ல் பீளமேட்டைச் சேர்ந்த பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் சொத்தை நான்காகப் பிரிக்காமல் ஐந்தாகப் பிரித்து, ஐந்தாவது பங்கை அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார்கள். அதுதான் பி.எஸ்.ஜி. அந்த அறக்கட்டளை தொடங்கிய தொழிற்கூடத்தில் மோட்டாரும் பம்பும் செய்தார்கள். 1951-ல் ஜி.ஆர்.தாமோதரனை முதல்வராகக் கொண்டு வந்த பொறியியல் கல்லூரி, அந்தத் தொழிற்கூடம் இருந்த வளாகத்திலேயே அமைந்தது. படிக்கிற பையன் வகுப்பை விட்டு வெளியே வந்தால் எதிரே உண்மையான லேத் ஓடிக்கொண்டிருக்கும்.

நடுவில் ஒரு பெரிய திருப்பம். 1932-ல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. மலையிலிருந்து கோவைக்குக் கரண்ட் இறங்கியது. அந்தப் பத்து வருஷத்தில் மில்கள் மளமளவென்று முளைத்தன. அதே கரண்ட் கம்பி தோட்டங்களுக்குள்ளும் போனது. 1937-ல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து உள்நாட்டிலேயே மின் மோட்டார் செய்தார்கள். நாட்டின் முதல் மோட்டார் என்று இதைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

கிணறுதான் டெஸ்டிங் லேப்

மோட்டாருக்கு முன்னால் கொங்கு நாட்டுக் கிணறுகளில் கவலை ஓடியது. ஒரு ஜோடி மாடு, வடக் கயிறு, சால், சாலின் அடியில் தோல் வால். மாடுகள் சரிவில் இறங்கும்போது சால் மேலே வந்து தண்ணீரைக் கொட்டும். மாடுகள் பின்னால் நடந்து ஏறும்போது சால் கிணற்றுக்குள் இறங்கும். வெடியக் காலையில் தொடங்கி வெயில் ஏறும் வரை இதே வேலை. தண்ணீர் எத்தனை ஆழத்தில் இருந்தாலும் கயிறு நீளமாக இருந்தால் போதும், கவலை இறைக்கும். ஆனால் மாடு களைத்தால் நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

இந்த இடத்துக்கு மின் பம்ப் வந்தபோது அது நேரே வேலை செய்துவிடவில்லை. கிணற்று மேட்டில் வைத்து உறிஞ்சும் பம்புக்கு இயற்பியல் ஒரு எல்லை போட்டிருக்கிறது. காற்றழுத்தம் தண்ணீரை 34 அடிக்கு மேல் தள்ளித்தராது. நடைமுறையில் இருபது, இருபத்தைந்து அடிதான். தண்ணீர் அதற்குக் கீழே போனால் பம்பைக் கிணற்றுக்குள் இறக்க வேண்டும். உள்ளே மேடை கட்டி இறக்கினால், மழைக் காலத்தில் தண்ணீர் ஏறி மோட்டார் முழுகும். வோல்டேஜ் குறைந்தால் காயில் கருகும். புட்வால்வில் சருகு சிக்கினால் காற்று பிடிக்கும்.

இந்தப் பிரச்சினைகள் எல்லாம் எங்கே தெரியவரும்? பம்ப் செய்கிற பட்டறை வாசலில்தான். பட்டறைக்கும் தோட்டத்துக்கும் நடுவே சைக்கிள் தூரம். இந்த மாதிரி ஒரு உரையாடலைக் கொங்குப் பக்கம் வளர்ந்த யாரும் கேட்டிருப்பார்கள்:

"ஏனுங்க மேஸ்திரி, மோட்டார் ஓடுது, தண்ணி மட்டும் வரமாட்டேங்குதுங்களே?"

"ஏர் புடிச்சிருக்குமுங்க. தண்ணி எத்தன படி கீழ போயிருக்குதுங்க?"

"நாலு படி இறங்கீருச்சுங்க."

"அப்படீன்னா பம்ப இன்னும் கீழ இறக்கோணுமுங்க. இல்லீன்னா இம்பெல்லர மாத்திப் பாக்கலாம். சாயந்தரம் வந்து பாக்கறேனுங்க."

இதை அஜைல் மொழியில் எழுதிப் பார்க்கலாம். வாடிக்கையாளர் நேரில் வந்து பேசுகிறார். அவர் கேட்பது ஒரு ஸ்பெக் டாகுமென்ட் இல்லை, வாய்க்காலில் தண்ணீர். செய்தவரே போய்ப் பார்க்கிறார். திருத்தம் வாரக் கணக்கில் இல்லை, மணிக் கணக்கில். தண்ணீர் வந்தால் வேலை முடிந்தது. வராவிட்டால் எவ்வளவு அழகான வரைபடம் இருந்தாலும் முடியவில்லை. "ஓடுகிற பொருளே முன்னேற்றத்தின் அளவுகோல்" என்ற கருத்தை இதை விடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. ஒரு பம்ப் முழுவதையும் ஒரே இடத்தில் செய்வது குறைவு. மரத்தில் பேட்டன் செய்பவர் ஒருவர், மோல்டிங் போட்டு வார்ப்பவர் ஒருவர், லேத்தில் கடைபவர் ஒருவர், காயில் கட்டுபவர் ஒருவர். ஜாப் ஒர்க் என்ற பெயரில் சின்னப் பட்டறைகள் வலை மாதிரி பின்னிக் கிடந்தன. இம்பெல்லரின் வளைவை மாற்ற வேண்டுமென்றால் பேட்டன்காரரிடம் போய் "இந்த எடத்துல ஒரு நூல் கொறைங்க" என்றால் போதும். மாற்றத்தின் செலவு குறைவாக இருந்தது. அஜைல் முழுவதும் நிற்பது இந்த ஒரு புள்ளியில்தான்: மாற்றத்தின் செலவைக் குறைத்துவிட்டால் மாற்றத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை.

இப்படி வளர்ந்த ஊர், இன்று நாட்டின் பம்ப்செட்டுகளில் பாதிக்கு அருகில் செய்வதாகத் தொழில் அமைப்புகள் சொல்லிவருகின்றன.

மாவாட்டிய வெர்ஷன்கள்

தோட்டத்தை விட்டு அடுப்படிக்கு வந்தால் அங்கேயும் இதே கதை. ஆட்டுக்கல்லில் இட்லிக்கு மாவாட்டுவது ஒரு மணி நேர வேலை, கை தோள்பட்டையோடு கழன்றுவிடும். 1955-ல் கோவையைச் சேர்ந்த பி.சபாபதி மின்சாரத்தில் ஓடும் வெட் கிரைண்டரைச் செய்தார். கவனியுங்கள், அவர் மாவாட்டுகிற தத்துவத்தையே மாற்றவில்லை. கல் அதே கல். கை செய்த வேலையை மோட்டார் செய்தது, அவ்வளவுதான். முதல் வெளியீட்டுக்கு அது போதும். அஜைல்காரர்கள் இதை எம்.வி.பி. என்பார்கள், பயன்படக்கூடிய குறைந்தபட்சப் பொருள்.

அடுத்த குறை, மாவை வெளியே எடுப்பது. கனமான குழவியைத் தூக்கி வைத்து, ஆழத்தில் கையை விட்டு வழித்தெடுத்து, பிறகு கழுவித் தண்ணீரை மொண்டு ஊற்ற வேண்டும். 1963 வாக்கில் ஆர்.துரைசாமி கொண்டுவந்த டில்டிங் கிரைண்டர் அதைத் தீர்த்தது: அப்படியே சாய்த்து மாவை ஊற்றிக்கொள்ளலாம். அதற்கும் அடுத்த குறை, இடம். தனிக் குடித்தனம் பெருகி, அடுப்படி சுருங்கி, ஆட்களும் குறைந்தபோது, மேடை மேல் வைக்கிற டேபிள் டாப் கிரைண்டர் வந்தது. எல்ஜி அல்ட்ரா நிறுவனத்தின் எல்.ஜி.வரதராஜ் பெயர் இதோடு சேர்த்துச் சொல்லப்படும். கல்லுக்கு ஊத்துக்குளி, மோட்டாருக்கு கோவைப் பட்டறைகள் என்று எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். பிற்பாடு "கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்" புவிசார் குறியீடும் வாங்கியது.

மூன்று வெர்ஷன்கள், மூன்று குறைகள். ஒவ்வொரு குறையும் பயன்படுத்துகிறவரின் வாயிலிருந்து வரக்கூடியது. 1955-லேயே உட்கார்ந்து "எதிர்காலத்தில் அடுப்படி எவ்வளவு சுருங்கும்" என்று திட்டம் போட்டிருந்தால் முதல் கிரைண்டரே வெளியே வந்திருக்காது.

ஜி.டி.நாயுடு இதையே படிப்புக்கும் பொருத்திப் பார்த்தவர். 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரிக்கு அவர் உதவியும் செய்தார், முதல்வராகவும் இருந்தார். நான்கு வருஷப் பொறியியல் படிப்பு நேர விரயம், இரண்டு வருஷம் போதும் என்பது அவர் கட்சி. அரசு ஒத்துக்கொள்ளவில்லை, அவர் விலகிக்கொண்டார். அந்தக் கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. அவர் சொன்னது சரியா தவறா என்பது வேறு விவாதம். ஆனால் சுழற்சியைச் சுருக்கு என்ற அந்தக் குணம் இந்த ஊரின் குணம்.

ஒத்துப்போகாத இடங்கள்

இதுவரை படித்துவிட்டு "பார்த்தீங்களா, நாங்க அப்பவே சொன்னோம்" என்று வாட்ஸப் பக்கம் போய்விடாதீர்கள். ஒத்துப்போகாத இடங்களும் உண்டு. அவைதான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தவை.

முதலாவது, சின்னதாகச் செய்ததற்குக் காரணம் கொள்கை இல்லை, கையில் காசு இல்லாதது. ஒரே சமயத்தில் ஐந்நூறு கேசிங் வார்த்து வைக்க முதல் வேண்டும். முதல் இல்லாதவர் பத்து வார்த்து, விற்று, அந்தக் காசில் அடுத்த பத்தை வார்ப்பார். வெளியிலிருந்து பார்த்தால் இது அழகான "சின்ன பேட்ச்". உள்ளே இருப்பவருக்கு அது கடன். ஜாப் ஒர்க் செய்த பட்டறைக்காரருக்குக் காசு எப்போது வரும் என்பதை அவர் தீர்மானிப்பதில்லை, ஆர்டர் கொடுத்தவர்தான் தீர்மானிப்பார். ஜப்பானிலும் "சரியான நேரத்தில் சரியான அளவு" என்ற முறையில் இருப்பு வைக்கிற சுமை கீழே இருக்கிற சப்ளையர் தலையில் இறங்குகிறது என்ற விமர்சனம் உண்டு. நெகிழ்வு என்று நாம் சொல்வதை யாரோ ஒருவர் முதுகில்தான் சுமக்கிறார்.

இரண்டாவது, வேகம். பன்னிரண்டு கொள்கைகளில் ஒன்று, எல்லோரும் காலவரையின்றித் தாங்கக்கூடிய சீரான வேகத்தில் வேலை செய்ய வேண்டும் என்கிறது. இந்தக் கொள்கை பட்டறையிலோ மில்லிலோ தானாக முளைக்கவில்லை. 1922-ல் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 60 மணி நேரம் என்றது. 1934 சட்டம் ஆண்டு முழுதும் ஓடும் ஆலைகளுக்கு 54 என்றது. 1946 திருத்தத்தில்தான் 48 ஆனது, 1948 சட்டம் அதை உறுதிப்படுத்தியது. இந்தப் பன்னிரண்டு மணி நேரக் குறைப்புக்குக் கால் நூற்றாண்டு ஆனது, நடுவில் எத்தனையோ வேலை நிறுத்தம். பீளமேட்டைத் தாண்டி அவிநாசி சாலையிலேயே இருக்கும் சின்னியம்பாளையத்தில், மில் தகராறை ஒட்டிய கொலை வழக்கில் ரங்கவிலாஸ் மில் தொழிலாளர்கள் நால்வர் 1946 ஜனவரி 8 அன்று தூக்கிலிடப்பட்டார்கள். அவர்கள் நினைவிடம் இன்றும் இருக்கிறது. "தாங்கக்கூடிய வேகம்" என்று ஸ்லைடில் போடும்போது, இந்தச் சாலையில் அதற்கு என்ன விலை என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, கற்றது எங்கே போகிறது? மேஸ்திரியின் அறிவு மேஸ்திரியின் கையில் இருந்தது. அவர் போனால் அதுவும் போகும். டாகுமென்ட் குறைவாக இருப்பது அஜைலுக்கு உகந்ததுதான், ஆனால் அறவே இல்லாமல் போனால் ஒவ்வொரு பட்டறையும் ஒரே தப்பைத் தனித்தனியாகச் செய்யும். இதற்கு மில்காரர்கள் ஒரு வழி கண்டார்கள். 1956-ல் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், அதாவது சிட்ரா, மில்லுக்கு மில் உற்பத்தித்திறனை ஒப்பிட்டு அறிக்கை போட்டது. போட்டியாளர்கள் தங்கள் எண்களைப் பொதுவில் வைத்து, யார் எங்கே பின்தங்குகிறோம் என்று பார்த்துக்கொண்டார்கள். ஒரு ஊரே சேர்ந்து நடத்துகிற ரெட்ரோ மாதிரி. பம்புகளுக்கும் பிற்பாடு சோதனைக்கூடம், தர முத்திரை எல்லாம் வந்தன.

தண்ணி கீழே போன கதை

இப்போது பூளைமேட்டுக்குத் திரும்புவோம். வறண்ட மேடு, கிணறுதான் கதி என்று சொன்னேன் இல்லையா.

பம்ப் வந்ததும் இறைப்பு கூடியது. மாடு களைக்கும், மோட்டார் களைக்காது. தண்ணீர் இறங்கியது. பம்பைக் கிணற்றுக்குள் இறக்கினார்கள். இன்னும் இறங்கியது. கிணற்றை வெட்டி ஆழப்படுத்தி, அடியில் சைடு போர் போட்டார்கள். இன்னும் இறங்கியது. மேலிருந்தே கொஞ்சம் தண்ணீரைக் கீழே செலுத்தி அதன் வேகத்தில் மேலே தள்ளுகிற ஜெட் பம்ப் வந்தது. பிறகு போர்வெல், காற்றை அடித்துத் தண்ணீரைக் கிளப்பும் கம்ப்ரசர், கடைசியாக மோட்டாரே தண்ணீருக்குள் மூழ்கி வேலை செய்யும் சப்மெர்சிபிள். இன்று ஆயிரம் அடி போர் என்றால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை.

ஒவ்வொரு படியையும் தனியாகப் பார்த்தால் அருமையான அஜைல். பயனாளர் குறை சொன்னார், பட்டறை கேட்டது, அடுத்த வெர்ஷன் வந்தது. த்ரீ ஃபேஸ் கரண்ட் எந்நேரம் வரும் என்று தெரியாதபோது ஆட்டோ ஸ்டார்ட்டர் வந்தது. பிறகு செல்போனில் அழைத்தால் ஓடுகிற ஸ்டார்ட்டர் வந்தது. மாற்றத்துக்கு இவ்வளவு வேகமாக ஈடுகொடுத்த ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

எல்லாப் படியையும் சேர்த்துப் பார்த்தால் வேறு படம் தெரியும். தண்ணீர் இறங்கியதற்கு முந்தைய வெர்ஷனும் ஒரு காரணம். நேற்றைய தீர்வே இன்றைய குறையாக வந்து நின்றது. கோவைப் பகுதி கடினப் பாறை. தண்ணீர் மேலே சிதைந்த பாறை அடுக்கிலும் கீழே வெடிப்புகளிலும்தான் நிற்கும். மேலடுக்கு ஒரு நல்ல மழையில் தேறிவிடும். ஆழத்து வெடிப்புகளுக்குப் பல வருஷங்கள் ஆகும். கோவை மாவட்டத்தின் பல வட்டாரங்கள் இன்று அதிகமாக உறிஞ்சப்பட்ட பகுதிகளாக மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் கணக்கில் இருக்கின்றன.

விவசாயியைக் குறை சொல்வது சுலபம், நியாயம் இல்லை. கரண்ட் கட்டணத்தை எதிர்த்து 1970-ல் போராட்டம் நடந்தது. 1972-ல் மாட்டுவண்டிகளைக் கொண்டுவந்து கோவை நகரத்தையே அடைத்தார்கள், நாராயணசாமி நாயுடு தலைமையில். விளைபொருளுக்கு விலை கிடைக்காதவர்களுக்கு அந்தக் கட்டணம் பெரிய தொகை. 1984-ல் சிறு விவசாயிகளுக்கும் 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. கேட்டவர்களுக்கு நியாயம் கிடைத்தது. கூடவே, தண்ணீர் எவ்வளவு எடுக்கிறோம் என்று மாதா மாதம் ஞாபகப்படுத்திக்கொண்டிருந்த ஒரே மீட்டரும் மௌனமானது. அஜைல்காரர் கண்ணில் இது ஒரு ஃபீட்பேக் சுழல் அறுந்த இடம். டொயோடா தறியில் நூல் அறுந்தால் தறி நிற்கும். இங்கே எதுவும் நிற்கவில்லை.

சிக்கல் எங்கே என்று யோசித்தால் எனக்குத் தெரிவது இது. இங்கே இரண்டு சுழல்கள் இருந்தன. ஒன்று தோட்டத்துக்கும் பட்டறைக்கும் நடுவே, ஒரு நாளில் சுற்றுவது. இன்னொன்று மழைக்கும் பாறைக்கும் கிணற்றுக்கும் நடுவே, பல வருஷங்களில் சுற்றுவது. வேகமான சுழலைத்தான் நாம் மெருகேற்றிக்கொண்டே போனோம். மெதுவான சுழலுக்குப் பட்டறை வாசலில் வந்து குறை சொல்ல ஆள் இல்லை. பக்கத்துத் தோட்டத்தின் வற்றிய கிணறு இந்தத் தோட்டக்காரரின் பேக்லாகில் வராது. நாற்பது வருஷம் கழித்து வரப்போகிற பேத்தியும் வரமாட்டாள். வாடிக்கையாளரைக் கூடவே வைத்துக்கொள் என்கிறது அஜைல். எந்த வாடிக்கையாளரை என்று கேட்க அது கற்றுத்தரவில்லை.

மெதுவான சுழலைக் கவனித்த அமைப்பு இந்த ஊரில் இல்லாமல் இல்லை. நொய்யலின் அணைக்கட்டுகளும் குளங்களும் ஒன்றோடொன்று வாய்க்காலால் இணைந்தவை. ஒரு குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகும். மேல் குளத்துக்காரர் நினைத்தபடி எல்லாம் கரையை உயர்த்திக்கொள்ள முடியாது. கீழே இருப்பவர்கள் வந்து நிற்பார்கள். அங்கே "பயனாளர்" என்பது தனி ஆள் இல்லை, மொத்த வரிசை. அந்தக் குளங்களில் ஊறிய தண்ணீர்தான் சுற்றுவட்டாரக் கிணறுகளில் வந்தது. குளத்தில் கட்டடக் கழிவு கொட்டிவிட்டு போரை ஆழமாக்குவது, டெஸ்ட் கேஸை அழித்துவிட்டு பில்டைப் பாஸ் பண்ணுவது மாதிரி.

இதற்கு நேர் எதிர் உதாரணமும் பக்கத்திலேயே இருக்கிறது. பவானியின் உபரி நீரைக் கொண்டுபோய் வறண்ட பகுதிக் குளங்களை நிரப்பும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம். அரை நூற்றாண்டுக்கு மேல் மக்கள் கேட்டுக்கொண்டே இருந்து, கடைசியில் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. 1,045 குளம் குட்டைகள் அதில் அடங்கும். இதை ஸ்ப்ரின்ட் ஸ்ப்ரின்ட்டாகச் செய்ய முடியாது. பாதிக் குழாய் தண்ணீர் தராது. மேட்டின் உயரம், பம்பிங் நிலையங்களின் சக்தி, எந்தக் குளம் முதலில் என்பதெல்லாம் முன்கூட்டியே முழுதாகக் கணக்குப் போட்டால்தான் ஆகும். அதற்காக ஐம்பது வருஷம் தாமதிக்க வேண்டுமா என்றால், வேண்டாம். ஆனால் சில வேலைகள் முழுத் திட்டம் கேட்கும் வேலைகள். எது அந்த வகை, எது கிரைண்டர் வகை என்று பிரித்தறிவது கருவியால் வராது.

அப்படியானால் எந்தப் பேச்சு சரி?

"நமக்கு ஒத்துவராது" என்பது தப்பு. செய்து, கொடுத்து, கேட்டு, திருத்துகிற பழக்கத்தில்தான் இந்த ஊர் வளர்ந்தது. "நம்மகிட்ட எல்லாமே இருந்தது" என்பதும் தப்பு. சீரான வேகம் போராடி வாங்கியது. கூட்டுக் கற்றலுக்குத் தனியாக அமைப்பு கட்ட வேண்டியிருந்தது. மெதுவான சுழல் நம் கைநழுவிப் போனது.

என் வேலையில் நான் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஸ்ப்ரின்ட் திட்டமிடும்போது மூன்று கேள்விகளை வெள்ளைப் பலகையின் ஓரத்தில் எழுதிவைப்பேன். இதன் பலனை யார் அனுபவிக்கிறார்? இதன் விளைவு நமக்குத் தெரிய எவ்வளவு காலம் ஆகும்? இதனால் பாதிக்கப்பட்டும் நம்மிடம் வந்து சொல்ல முடியாதவர் யார்? முதல் கேள்விக்கு உடனே பதில் வரும். இரண்டாவதுக்குக் கொஞ்சம் யோசிப்பார்கள். மூன்றாவதில் பெரும்பாலும் அறை அமைதியாகிவிடும். அந்த அமைதிக்குப் பிறகு வருகிற பேச்சு உருப்படியாக இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கொங்குப் பக்கம் தோட்டம் இருந்த குடும்பங்களில் அப்பாவிடமோ அப்புச்சியிடமோ அமத்தாவிடமோ மூன்றே விவரம் கேட்டுக் குறித்துவையுங்கள்: கிணற்றில் எந்த வருஷம் கவலை நின்றது, அடுத்தடுத்து எந்தெந்த பம்ப் வந்தது, ஒவ்வொன்றின்போதும் தண்ணீர் எத்தனை அடியில் இருந்தது. தேதி துல்லியமாக வேண்டியதில்லை. "அக்கா கல்யாணத்துக்கு முந்தின வருஷம்" என்றால்கூடப் போதும், கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பத்து ஊர்களிலிருந்து இந்த விவரம் சேர்ந்தால், பட்டறைகளின் வெர்ஷன் வரலாற்றையும் தண்ணீர் இறங்கிய வரலாற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே படமாக வரைந்துவிடலாம். இந்த விவரம் தெரிந்த தலைமுறைக்கு இப்போது எண்பது வயது தாண்டிவிட்டது. இந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனால் கேட்டுவிடுங்கள்.